கேள்வி நோட்டு, ஒன்பதாம் பக்கம்

ஏற்காடு
12 ஜனவரி 2025

அன்புத் தங்கை சாராவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் ஆண்டவர் தயவில் நலம். பனியில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஆனாலும் ஞாயிறு பூசைக்கு எங்களுக்கு முன்னால் கோயிலில் நிற்பது அவர்தான். அப்பா கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் சேலம் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கன்னியாஸ்திரீ ஆகப் பயிற்சி என்று செல்போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்ட உன் நவகன்னியர் இல்லத்தில் நீ சுகமா? திண்டுக்கல் வெயில் உன்னை என்ன செய்கிறது?

என் செய்திக்கு வருகிறேன். பெங்களூரில் இளம் ஆய்வாளர்களுக்கான தலைமைப் பயிற்சி ஐந்து நாள் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். சான்றிதழை அப்பா அதற்குள் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். நான் கேட்ட திட்டமும் கிடைத்துவிட்டது, முதல் முறையாக என் தலைமையில். காப்பித் தண்டைத் துளைக்கும் வண்டு பற்றிய ஆய்வு அது. வண்டு பட்டையில் முட்டையிடும், புழு உள்ளே புகுந்து தின்னும், இலை வாடுகிறதே என்று நாம் பார்க்கும்போது செடி பாதி செத்திருக்கும். தலைச்சோலையில் ஆறு விவசாயிகளின் தோட்டங்களில் முந்நூற்று அறுபது நல்ல செடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிச் செடிகளின் தண்டில் ஒரு பூச்சு பூசி, மீதியைச் சும்மா விட்டு, இரண்டு வருடம் அதே செடிகளைக் கவனிக்க வேண்டும்.

ஜூனில் மதிப்பீட்டுக் குழு வரும். திருப்தி என்றால் எனக்கென்று தனி ஆய்வுக்குழு. இல்லையென்றால் முப்பத்திரண்டு வயதில் மறுபடியும் யாருக்காவது கீழே. அதற்கு நான் விடமாட்டேன்.

என்னிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். தனபால் சேலத்திலிருந்து வரும் ஆய்வு மாணவன். மலர் தலைச்சோலைப் பெண், தாவரவியல் படித்தவள். ஆறு விவசாயிகளும் அவள் முகத்துக்காகத்தான் செடி கொடுத்தார்கள். பயிற்சியில் கற்றபடி கூட்டம் பதினைந்து நிமிடம் மட்டுமே. நடுவில் குறுக்கிடக் கூடாது. கேள்வி இருந்தால் நோட்டில் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை நான் பதில் எழுதுவேன். நன்றாக நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.

உன் அக்கா
ஈவ்லின்


திண்டுக்கல்
2 பிப்ரவரி 2025

மகா கனம் பொருந்திய திட்டத் தலைவி ஈவ்லின் அவர்களின் சமூகத்துக்கு,

எழுந்து நின்றுதான் எழுதுகிறேன், பயப்படாதே. நான் நலம். வெயில் என்னைக் கறுக்க வைத்திருக்கிறது. இங்கே பதினோரு நவகன்னியர், ஒரு கிணறு, ஒரு சிஸ்டர் ஜெயமேரி. எங்களுக்குப் பொறுப்பாளர் அவர்தான். அவர் நடந்து வந்தால் கோழிகூட வரிசையில் நிற்கும். அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி ஒத்தடம் கொடுக்கச் சொல். அப்பாவிடம், ஆறு மணி பஸ் இனி அவர் பொறுப்பு இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

நீ தலைவியானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நீ ஒன்பதாவது படிக்கும்போது கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஆடு வேஷம். "ஆடு பேசக்கூடாது" என்று காதைத் திருகிச் சொன்னாய். அப்புறம் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

ஒரு விஷயம். மார்ச் ஐந்து சாம்பல் புதன். அன்று முதல் ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதக்கூடாது, வருவதைப் படிக்கலாம். அதனால் பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்
உன் ஆடு சாரா


தலைச்சோலை
23 பிப்ரவரி 2025

என் பிரியமான ஆட்டுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு தினமும் வேண்டிக்கொள்கிறேன். நொச்சி வேலை செய்கிறது, அம்மா உனக்கு முத்தம் எழுதச் சொன்னார்.

செடிகளுக்கு அடையாளம் போடும் வேலை முடிந்தது. முந்நூற்று அறுபது தண்டுகளிலும் முழங்கால் உயரத்தில் சிவப்பு எனாமல் வளையம். பெங்களூரிலிருந்து வந்த செயல்முறைக் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. போட்டோவிலும் பளிச்சென்று தெரியும். ஒன்பது நாள் வேலையை ஆறு நாளில் முடித்தோம். தனபால் கையெல்லாம் சிவப்பு. அங்கப்பன் என்று ஒரு விவசாயி, அவர் தோட்டத்தில் மட்டும் அறுபத்து நான்கு செடி. எல்லாம் காய்ப்பில் இருக்கும் செடிகள். அவர் மனைவி ராசாத்தி எங்களுக்குத் தினமும் கேப்பைக் களி போட்டாள்.

கேள்வி நோட்டும் நன்றாக வேலை செய்கிறது. இதுவரை ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது. தனபால் எழுதுவது எல்லாம் பஸ் கட்டணம் பற்றி. மலர் ஒரே ஒரு கேள்விதான் எழுதினாள், ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசித் தீர்க்க வேண்டியது அரை நிமிடத்தில் முடிந்தது. பார்த்தாயா, பயிற்சியின் பலன்!

அடுத்த மாதம் இருவரையும் மூன்று நாள் சேலத்துக்கு அழைத்துப் போகிறேன், கணினியில் தரவு ஏற்றப் பழக்க. தவக்காலத்தில் ரொம்பப் பட்டினி கிடக்காதே.

அன்பு அக்கா
ஈவ்லின்


திண்டுக்கல்
3 மார்ச் 2025

அன்பு அக்கா,

சுகம், சுகமறிய ஆவல். நாளை மறுநாள் வாய்ப்பூட்டு, அதனால் அவசரமாக நாலு வரி. ஆறு நாளில் முடித்தது கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தனபால் என்ன கேட்டான் என்று எழுதினாய், மலர் என்ன கேட்டாள் என்று எழுதவில்லையே. ஊர்க்காரப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள் என்றால் எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நாற்பது நாள் சும்மா உட்கார்ந்து யோசிக்க ஏதாவது வேண்டுமே. எழுது.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.
சாரா


ஏற்காடு
22 மார்ச் 2025

அன்புள்ள சாரா,

அம்மா, அப்பா நலம். நான் நலமாக இல்லை.

நாங்கள் சேலத்தில் இருந்த மூன்று நாளில் தலைச்சோலையில் என் செடிகளில் இருநூற்றுப் பன்னிரண்டைப் பிடுங்கி எரித்துவிட்டார்கள். விஷமம் இல்லை, திருட்டும் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மார்ச்சிலும் வண்டு பறக்கும் காலத்துக்கு முன்னால் ஆறு தோட்டத்துக்கும் பொதுவாகக் கூலியாட்கள் இறங்குவார்களாம். முன்னால் போகிற ஆள் தண்டைத் தடவிப் பார்த்து, புழு விழுந்த செடிக்குச் சிவப்பு வைப்பான். பின்னால் வருகிறவர்கள் சிவப்பு வைத்ததைப் பிடுங்கித் தீ வைப்பார்கள். அங்கப்பன் கண் ஆபரேஷனுக்குச் சேலம் போயிருந்தார். ராசாத்தி அவருக்குத் துணையாகப் போயிருந்தாள். மற்றவர்கள் வழக்கம்போல் கூலியாட்களின் மேஸ்திரியிடமே விட்டுவிட்டதால் தடுக்க ஆளில்லை, மீதிச் செடிகளுக்கு வருமுன் நாங்கள் திரும்பிவிட்டோம். மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்கம்மிணி, சிவப்பு வெச்சா புடுங்கறதுதானுங்களே? புடுங்கறவன் அடையாளத்தத்தான் பாப்பான், செடியப் பாக்க மாட்டானுங்க."

அறுபத்து நான்கு செடியும் இல்லாமல் அங்கப்பன் தோட்டத்தில் மேல்பாதி மொட்டையாகக் கிடக்கிறது. மறுபடி நட்டால் காய்க்க நாலு வருடம். ராசாத்தி அழவில்லை. சாம்பல் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

மலர் இந்த ஊரில் பிறந்தவள். சிவப்புக்கு இங்கே என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அழுத்தமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? ஆத்திரம் தாங்கவில்லை எனக்கு.

எனக்காக வேண்டிக்கொள்.
ஈவ்லின்


ஏற்காடு
9 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

நீ எழுத முடியாது என்று தெரிந்தும் தபால்காரரைப் பார்க்கிறேன். இங்கே வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை. நேற்று ஆலங்கட்டி மழை. காப்பி பூத்திருக்கிறது, மலை முழுக்க வாசம். எனக்கு அந்த வாசமே பிடிக்கவில்லை.

என் மேலதிகாரி சந்திரசேகர் சார் அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். "உள்ளூர் நடைமுறை குறித்துக் களப்பணியாளர் தகவல் தெரிவிக்கத் தவறியதால் இழப்பு நேர்ந்தது." ஒரே வரிதான். ஜூன் பத்தாம் தேதி குழு கூடும்வரை மலர் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அநேகமாக நீக்கிவிடுவார்கள். அவளிடம் நான்தான் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றாள். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மீதி நூற்று நாற்பத்தெட்டுச் செடியை வைத்து எப்படியாவது இந்தத் திட்டத்தை நிமிர்த்திவிடுவேன். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

ஈஸ்டர் வாழ்த்துகள் முன்கூட்டியே.
ஈவ்லின்


திண்டுக்கல்
21 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். நான் சுகம். மூன்று கிலோ குறைந்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. உன் இரண்டு கடிதமும் தலையணைக்கு அடியில் இருந்தன. ராசாத்தி சாம்பலைச் சுற்றி வந்ததைப் படித்து நான் அழுதேன். உனக்காகவும்தான்.

இப்போது அந்த நாடகக் கதையை முழுசாகச் சொல்கிறேன். நீ இதுவரை என் பக்கத்திலிருந்து கேட்டதே இல்லை. மெழுகுவத்தி திரையைத் தொட்டதை முதலில் பார்த்தது நான்தான். ஆடு நாலு காலில், கீழே இருந்தது அல்லவா, அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஆனால் ஆடு பேசக்கூடாது. அதனால் "மே, மே" என்று கத்தினேன். சனங்கள் சிரித்தார்கள். நீ ஓரத்தில் நின்று கண்ணை உருட்டினாய். அம்மாவின் கல்யாணப் புடவையைத்தான் திரையாகக் கட்டியிருந்தாய், பாதி எரிந்தது. அப்புறம் என்னை இழுத்து வைத்து, "ஏண்டி சொல்லல?" என்று அறைந்தாய். எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். ஒன்பது வயசில் எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உன் மார்ச் கடிதத்தில் "அழுத்தமாக ஒரு வார்த்தை" என்று இருக்கிறது. அழுத்தமில்லாமல் சொன்னாளா? அந்த நோட்டில் மலர் என்ன எழுதினாள்? நீ என்ன பதில் எழுதினாய்? சண்டைக்குக் கேட்கவில்லை அக்கா. கேட்கிறேன், அவ்வளவுதான்.

பாசத்துடன்
சாரா


ஏற்காடு
5 மே 2025

அன்பு சாரா,

உன் கடிதம் கிடைத்து எல்லோருக்கும் சந்தோஷம். உன் எடை பற்றி அம்மாவிடம் மூச்சு விடவில்லை. கோடைக் கூட்டம் தொடங்கிவிட்டது. ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை, கடைத்தெருவில் பலாப்பழ வாசம். அப்பா தினமும் பஸ் நிலையத்துக்குப் போய் புது கண்டக்டர்களுக்கு யோசனை சொல்லிவிட்டு வருகிறார். அவர்கள் ஓடி ஒளிகிறார்கள் என்று கேள்வி. மேல்வீட்டு ஏசுராஜ் மாமாவுக்கு இரட்டைப் பேரன்கள் பிறந்திருக்கிறார்கள். இந்த வருடம் ஆரஞ்சு குறைவு, மிளகு பரவாயில்லை.

தனபால் நன்றாக வேலை செய்கிறான். கூட்டம் இப்போது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நான் பேசுவேன், அவன் தலையாட்டுவான். மதிப்பீட்டுக்குத் தயாரிப்பு பலமாக நடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஈவ்லின்


(அஞ்சலட்டை)
திண்டுக்கல்
12 மே 2025

அன்பு அக்கா, சுகம். இரட்டைப் பேரன்களுக்கு என் வாழ்த்து. மிளகு பரவாயில்லை என்று அறிந்து நிம்மதி. கேட்டதற்குப் பதில் வரவில்லை. சாரா.


ஏற்காடு
25 மே 2025

அன்புள்ள சாராவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். நான் இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். கிழிப்பது எனக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

ஒன்பதாம் பக்கத்தில் மலர் எழுதியது இது: "மேடம், சிவப்பு வேண்டாங்க. எங்க ஊர்ல சிவப்பு வெச்சா பிடுங்கிடுவாங்க. வேற கலர் வைக்கலாமுங்களா?" அதன் கீழே நான் எழுதியது: "கையேட்டின்படி சிவப்பு. முடிவு செய்தாயிற்று." கையெழுத்து, தேதி எல்லாம் போட்டிருக்கிறேன். அதற்கு முன்பே கூட்டத்தில் அவள் பேச வாயெடுத்தாள். நான் கை காட்டி நிறுத்தினேன். வெளியே வந்து ஜீப் பக்கத்தில் மறுபடி தொடங்கினாள். அப்போது நான் சொன்னதை உனக்கு எழுதக் கை கூசுகிறது. "நானும் ஏற்காட்டுக்காரிதான் மலர். எனக்கு இந்த மலையைச் சொல்லித்தர வேண்டாம்" என்றேன். எனக்கு என்ன தெரியும் சாரா? நாம் காப்பித் தோட்டத்தைப் பார்த்ததெல்லாம் அப்பா பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தானே.

செடி போனது தெரிந்த அன்றே அந்தப் பக்கத்தைக் கிழித்து என் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். அதன் பிறகுதான் அறிக்கை எழுதினேன். இதற்குப் பெயர் பொய். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உன் அட்டை வந்த மறுநாள் அங்கப்பனைப் பார்க்கப் போனேன், மீதிச் செடிகளை மற்ற ஐந்து பேரும் இரண்டாம் வருடமும் விட்டுக்கொடுக்க ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்க. கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். "மலரு புள்ள வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போச்சுங்க. நான் மேடத்துக்கிட்ட வெவரமா எடுத்துச் சொல்லலீங்க மாமா, என்ற தப்புத்தானுங்கன்னு சொல்லுச்சு. உங்களப் பத்தி ஒரு வார்த்த கொற சொல்லலீங்க" என்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. களி சாப்பிடச் சொன்ன ராசாத்திக்குப் பதில்கூடச் சொல்லாமல் மலர் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிழித்த பக்கத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்காகவா பழியை ஏத்துக்கிட்ட?" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"இல்லீங்க" என்றாள். "எனக்கு உங்க மேல கோவம் நொம்ப இருக்குதுங்க மேடம். மாமாகிட்ட உங்களத் திட்டியிருந்தா இனி எங்க ஊர்ல எந்த ஆராய்ச்சிக்கும் ஒருத்தரும் செடி குடுக்க மாட்டாங்க. வண்டு மட்டும் வருசா வருசம் வந்துக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் பேசாம இருந்தேனுங்க. உங்களுக்காக இல்லீங்க."

சாரா, ஐந்து நாள் பயிற்சியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. என் குழுவில் தலைமை இருந்தது. அது என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். முதல் முறையாக அவளிடம் கேட்டேன். "மொதல்ல ஊருக்குள்ள வந்து சொல்லுங்க. அப்பறம் ஆபீஸ்ல சொல்லுங்க. ஆபீஸ்ல மட்டும் சொன்னா அது எங்க ஊட்டுப் பக்கம் வந்து சேராதுங்க" என்றாள். நேற்று ஆறு விவசாயிகளும் வந்திருந்தார்கள். நோட்டில் பக்கத்தை ஒட்டி, அவர்கள் முன்னால் உரக்கப் படித்துக் காட்டினேன். யாரும் திட்டவில்லை. மேஸ்திரி மட்டும், "படிச்ச புள்ளைக்கிட்ட எழுதி வெச்சும் கேக்கலீங்களா?" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

இன்னும் குழு பாக்கி. பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சந்திரசேகர் சாருக்கு எழுதிவிட்டேன். என் வேலை போனாலும் மலர் வேலை போகக்கூடாது. இதில் நான் பின்வாங்கமாட்டேன்.

நாடகத்தன்று உன்னை அறைந்ததற்கும் மன்னிப்பு. பதினெட்டு வருடம் தாமதம்.

உன் அக்கா
ஈவ்லின்


திண்டுக்கல்
1 ஜூன் 2025

என் அன்பு அக்கா,

நான் சுகம், எடை திரும்பிவிட்டது. உன் கடிதத்தைக் கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். அறைக்கு மன்னிப்புக் கிடைத்தாயிற்று. புடவைக்கு அம்மாவிடம் தனியாகக் கேள்.

நானும் ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன். இங்கே ஜெயகுமாரி என்று ஒரு சின்னப் பெண். தவக்காலம் முழுக்கக் காய்ச்சலோடு நோன்பிருந்தாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நானும் சிஸ்டர் ஜெயமேரிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். புனித வெள்ளியன்று கோயிலில் விழுந்துவிட்டாள். உன்னிடம் மூன்று கடிதத்தில் கேட்ட கேள்வியை நான் பக்கத்து அறையில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உன்னை மடக்குவது சுலபமாக இருந்தது எனக்கு. போன வாரம் சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஜெபமாலையைக் கீழே வைத்தார். பிறகு, "என்னிடம் சொல்லப் பயமாக இருக்கிறதா எல்லோருக்கும்?" என்று கேட்டார். "ஆமாம் சிஸ்டர்" என்றேன். இப்போது ஜெயகுமாரிக்கு முட்டை கிடைக்கிறது.

ஒன்று மட்டும். குழுவில் யாராவது, "உங்களை ஒருவரும் எச்சரிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள், உன்னைத் தப்பவிடுவதற்காக. அங்கேதான் நாக்குப் புரளும். இப்போதே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு.

பத்தாம் தேதி முழுவதும் உனக்காக மணியடிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்புடன்
சாரா


தலைச்சோலை
29 ஜூன் 2025

அன்புத் தங்கை சாராவுக்கு,

நீயும் ஜெயகுமாரியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். அம்மா புடவைக்கு மன்னிக்கவில்லை. நீ வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டராகும்வரை மன்னிப்பதாக உத்தேசமும் இல்லையாம். மூன்று நாளாக நல்ல மழை, இந்தத் தாளும் நமத்துப்போயிருக்கிறது.

நீ சொன்னபடியே கேட்டார்கள். நாலு பேர் மேசைக்கு அந்தப் பக்கம். தனபாலும் மலரும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரசேகர் சார் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "புதிய இடம், புதிய குழு. முன்கூட்டி யாரும் எச்சரிக்கவில்லை, அப்படித்தானே?" தலையாட்டினால் போதும். அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் நோட்டைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். "மலர் எச்சரித்தாள் சார். மூன்று முறை. நான் கேட்கவில்லை" என்றேன். பசை காய்ந்து பக்கம் விறைத்திருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். கிழித்தது யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

முடிவு வந்துவிட்டது. திட்டம் நிற்கவில்லை. ஆனால் தலைமை ஒரு வருடத்துக்குச் சந்திரசேகர் சார் கையில். நான் அவருக்குக் கீழே. தனி ஆய்வுக்குழு இப்போதைக்கு இல்லை. பொய் சொல்லமாட்டேன், வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் எழுந்து வேலைக்குப் போனேன். மலருக்கு வேலை நிலைத்தது. களப்பணி முழுவதும் இனி அவள் பொறுப்பு. அதைக் கேட்டது நான்தான்.

புது அடையாளத்துக்கு மலர் ஒரு காரியம் செய்தாள். மூன்று கலர் துணியை எடுத்துக்கொண்டு ஆறு தோட்டத்துக்கும் போய், மேஸ்திரியிடமும் போய், "இதக் கட்டியிருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். மஞ்சள் என்றால் வேண்டுதல், அவிழ்க்கக் கூடாது, பக்கத்திலும் போகமாட்டோம் என்றார்கள். வெள்ளை என்றால் வெட்ட வேண்டிய நிழல்மரம். நீலத்தைப் பார்த்து ராசாத்தி, "இது எதுக்குங்க கண்ணு, தெரியலயே. வந்து உங்களத்தான் கேப்போம்" என்றாள். மலர் நீலத்தை எடுத்துக்கொண்டாள். கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

கூட்டத்துக்கு இப்போது நேரக்கணக்கு கிடையாது. நேற்று ஒன்றே கால் மணி நேரம். தனபால் என்னை இரண்டு முறை மறுத்துப் பேசினான், ஒன்றில் அவன் சொன்னது தப்பு. கேள்வி நோட்டைச் சந்திரசேகர் சார் கோப்பில் வைக்கக் கேட்டார். பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தை என் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

இன்று காலை அங்கப்பன் தோட்டத்தில் நடவு. நாற்றுப் பண்ணையிலிருந்து குப்பனூர் ரோடு வழியாக வேனில் அறுபத்து நான்கு நாற்று வந்தது. இந்த நடவு எங்கள் ஆராய்ச்சியில் சேராது. அவருக்கு நான் நட்டுத் தர வேண்டிய செடிகள் இவை. ஆட்கள் வைத்துக்கொள்ளலாம் என்றார் அங்கப்பன். நான் கேட்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே முதல் குழியைத் தோண்டி, நாற்றின் பையைக் கிழித்து, உள்ளே இறக்கப் போனேன். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையிலிருந்து மலர் நிமிர்ந்தாள்.

"மேடம், நில்லுங்க. அந்தக் குழி ஆழம் பத்தாதுங்க."

எல்லோர் முன்னாலும், உரக்கச் சொன்னாள். எனக்கு ஒரு நிமிடம் முகம் சூடாயிற்று. நாற்றை ஓரமாக வைத்தேன். மண்வெட்டியை எடுத்து மறுபடி தோண்டினேன்.

உன் அக்கா
ஈவ்லின்